மெஹர் மேடம் தேர்ந்தெடுத்த கேமரா

செவ்வாய்க்கிழமை காலை, ரத்த மாதிரிக் குழாய்களில் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தபோது மெஹர் மேடத்தின் கணவர் சலீம் பாய் போனில் அழைத்தார். "குமாரு, மெஹரு மௌத்தாயிட்டா. விடியக்கால ஃபஜர் தொழுகைக்கு அப்புறம்தான்" என்றார். மேடம் இறந்துவிட்ட செய்தியை மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார். கையிலிருந்த குழாயை வைத்துவிட்டு, என்ன செய்கிறோம் என்று தெரியாமல் பக்கத்து எக்ஸ்ரே அறைக்குப் போய் நின்றேன். மெஹருன்னிசா அவர்கள் பதினாறு ஆண்டுகள் பணியாற்றிய அறை. இப்போது அங்கே பணியிலிருக்கும் பெண் என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

எங்கள் மருத்துவமனைக்கு வந்தவர்களுக்கு அவரை "மூச்ச இழுத்துப் புடிங்க, ஆங், விடுங்க" என்ற குரலாகத் தெரியும். கூனிமேட்டிலிருந்து பேருந்தில் வருவார். எடுத்த படத்தை நோயாளி எட்டிப் பார்த்தால் விரட்டமாட்டார். "இது உங்க விலா, இது உங்க இதயம், பாருங்க, கொஞ்சம் சாஞ்சாப்ல இருக்குது" என்று காட்டுவார். நோயை மட்டும் டாக்டர் வாயால் கேட்கச் சொல்லிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வேறு ஆள். சலீம் பாய் ஸ்கூட்டரில் மரக்காணம் உப்பளத்துக்கு அழைத்து வருவார். துபாயிலிருந்து உறவினர் யாரோ கொண்டுவந்த பழைய கேமராவில் மேடம் பறவைகளையும், பாத்திகளில் இறங்கிக் கிடக்கும் வானத்தையும் எடுப்பார். பாய் வரப்பில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். நானும் என் கேமராவுடன் அங்கே போய்க்கொண்டிருந்தவன் என்பதால், ஆய்வகத்துக்காரனும் எக்ஸ்ரேக்காரரும் நண்பர்களானோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருடைய கேமரா மக்கர் செய்யத் தொடங்கியது. நான் வாங்கியதையே வாங்கச் சொன்னேன்.

"நீங்க எப்படிங்க முடிவு பண்ணீங்க?"

"வீடியோ பார்த்தேன் மேடம். நல்லா அலசிச் சொன்னாரு."

"அவரு எங்க எடுக்கிறாரு படம்?"

"ஐஸ்லாந்துல."

"அங்க நம்ம உப்புக்காத்து அடிக்குதா?"

ஆறே மாதத்தில் என் கேமராவின் பொத்தான் ஒன்று உப்பு ஏறி இறுகிப்போயிருந்ததை அப்போதுதான் அவரிடம் ஒப்புக்கொண்டேன். "அத மொதல்ல சொல்லியிருக்கணும்ல!" என்று சிரித்தார்.

கடைக்குப் போவதற்கு முன் அவர் செய்த வேலை எனக்கு விசித்திரமாகப் பட்டது. கெட்டுப்போன படங்களை நாமெல்லாம் அழித்துவிடுவோம். அவர் அழிக்கவில்லை. எல்லாவற்றையும் "ஏன்?" என்று பெயரிட்ட ஒரு கோப்புறையில் சேர்த்து வைத்திருந்தார். மதிய உணவு இடைவேளைகளில் ஒவ்வொன்றாகத் திறந்து, எதனால் கெட்டது என்று எழுதினார். பறவையை விட்டுக் கோரைப்புல்லில் ஃபோகஸ் விழுந்தது. மேகம் வெளுத்துப்போனது. ஷட்டர் சத்தத்தில் பறவை எழுந்து போனது. இப்படியே வாரக்கணக்கில் போயிற்று. முடிவில் சொன்னார்: "பாதி தப்பு என்னோடதுங்க. அவசரப்பட்டிருக்கேன். மீதிப் பாதிக்குத்தான் புது கேமரா."

புதுச்சேரியில் ஒரு கடைக்கு மூவரும் போனோம். கடைக்காரர், "லென்ஸோட வேணுமா மேடம், பாடி மட்டும் போதுமா?" என்று கேட்டார். மேடம் என்னைப் பார்த்தார். அவர் சொன்னது லென்ஸ் இல்லாத கேமராவை; மருத்துவமனையில் வேலை செய்பவர்களுக்கு 'பாடி' என்றால் பிணம். இருவரும் சிரிப்பை அடக்கமுடியாமல் வெளியே வந்துவிட்டோம். சலீம் பாய்தான் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டார்.

வனவிலங்குக்கு வேகமான கேமரா வேண்டும். நிலக்காட்சிக்கு நுணுக்கம் பிடிக்கும் கேமரா வேண்டும். இரண்டும் ஒன்றில் முழுமையாகக் கிடைப்பதில்லை. அதனால் இரண்டு வகையையும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வாடகைக்கு எடுத்துவந்தார். சித்திரை மாதம். ஒரே வரப்பில் நின்று, ஒரே பூநாரைக் கூட்டத்தை, ஒரே உப்புக் குவியலை, இரண்டிலும் மாற்றி மாற்றி எடுத்தார். வேகமான கேமராவில் பறவைகள் இறகு இறகாகப் பதிந்தன. "இதாங்க" என்றேன். "இருங்க, வீட்டுல போய்ப் பெருசு பண்ணிப் பார்க்கலாம்" என்றார்.

அன்று நண்பகலில் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. குரலில் பதற்றம். "குமாரு, நம்ம நின்ன எடத்துக்குப் பக்கத்துலயே முட்டை இருந்திருக்குதுங்க!" நுணுக்கமான கேமராவில் எடுத்த நிலக்காட்சியைப் பெரிதாக்கிக்கொண்டே போனபோது, வரப்பின் ஓரத்தில், மண்ணின் நிறத்திலேயே மூன்று முட்டைகள் தெரிந்திருக்கின்றன. அவை உப்புக்கொத்தியின் முட்டைகள்; அந்தச் சிறு பறவை, ஆள் வந்தால் கத்தாமல் நழுவி ஓடிவிடும். அதனால் எங்களுக்குத் தெரியவில்லை. மாலையில் லாரி வந்து திரும்புகிற இடம் அது.

நான் உப்பளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மேடம் ஏற்கெனவே அங்கிருந்த மேஸ்திரி ஏழுமலையிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"இன்னா மேடம், மூணு முட்டைக்கா வண்டிய நிறுத்தச் சொல்றீங்க?"

மேடம் வாதாடவில்லை. கேமராவை அவர் கையில் கொடுத்து, திரையில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். ஏழுமலை படத்தைப் பார்த்தார், வரப்பைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "தெனம் இது மேலதான் நடக்குறேன். கண்ணுல படலியே" என்றார். பிறகு அவராகவே நான்கு காலி கேன்களைக் கொண்டுவந்து சுற்றி வைத்தார். அன்றிலிருந்து லாரி அடுத்த வரப்பில் திரும்பியது. மூன்று வாரம் கழித்து மேடத்துக்கு அழைத்து, "ரெண்டு பொரிச்சிடுச்சு மேடம், ஒண்ணு கூழாயிடுச்சு" என்று செய்தி சொன்னவரும் அவரே.

அந்த நுணுக்கமான கேமராவையே வாங்குவது என்று முடிவாயிற்று. கனமானது. அதைத் தூக்கிய நாளிலிருந்து வலது தோள் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாங்கப் போவதற்கு முன் ஒரு நாள், தன் அறையிலேயே, உதவியாளரிடம் தன் தோளை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தை முதலில் பார்த்தவரும் அவர்தான்.

கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். "எலும்பு அரிச்சிருக்குதுங்க. வேற எங்கியோ ஆரம்பிச்சு இங்க வந்திருக்கும். எவ்வளவு நாளா இருக்குதுன்னு படத்துல தெரியாது. அதான் தெரிஞ்சிக்கணும்." டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் அழுதேன். அவர் அழவில்லை. "எங்க அவருகிட்ட எப்படிச் சொல்றது, அத மட்டும் யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

புற்றுநோய்ச் சிகிச்சை மாதக்கணக்கில் நடந்தது. தலைமுடி போயிற்று, எடை போயிற்று. கேமரா பேச்சை நானாக எடுக்கக் கூசினேன். ஒரு நாள் அவரே கேட்டார்: "எதுங்க எல்லாத்துலயும் லேசா இருக்கும்?" மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். பட்டியல் புதிது, கேள்விகள் புதிது. உட்கார்ந்தபடியே திரையைத் திருப்பிப் பார்க்க முடியுமா, பாரமெல்லாம் இடது கையில் தாங்க முடியுமா, சத்தமில்லாமல் எடுக்குமா என்று விசாரித்தார். கடைசியில் சிறிய சென்சார் உள்ள, உள்ளங்கையில் அடங்கும் கேமரா ஒன்றில் வந்து நின்றார்.

நான் விடவில்லை. "மங்கல் வெளிச்சத்துல புள்ளி புள்ளியா வரும் மேடம். நுணுக்கமும் பத்தாது."

"குமாரு, தூக்க முடியாத கேமராவுல படமே வராதுங்க. அந்தப் படத்துல புள்ளி எப்படி வரும்?"

அதை வாங்கினார். பாய் உப்பளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி தூக்கிக்கொண்டு வந்தார். மேடம் அதில் உட்கார்ந்து, மடியில் கேமராவை வைத்து, நாள் முழுதும் ஒரே பாத்தியைப் பார்த்தார். பறவைகளைத் தேடிப் போகாதவரிடம் பறவைகள் அருகே வருகின்றன என்று கண்டுபிடித்ததாக என்னிடம் சொன்னார். அந்தக் குளிர்காலத்தில் அவர் எடுத்த படங்கள்தான் அவர் எடுத்ததிலேயே சிறந்தவை. புள்ளிகள் இருக்கின்றன. நான் சொன்னது தவறில்லை, ஆனால் அது முக்கியமாகவும் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமையே, அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்குப் பின் கூனிமேட்டில் அடக்கம் செய்தார்கள். ஏழுமலை உப்பளத்திலிருந்து காலில் உப்பு அப்பியிருக்க அப்படியே வந்து, பள்ளிவாசல் சுவரோரம் நின்றார். மண் போட எங்களையும் கூப்பிட்டார் சலீம் பாய்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை, புதுச்சேரி மருத்துவமனையின் கட்டிலிலிருந்து மேடம் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். மூடிய கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே, ஏசி பெட்டியின் மேல் ஒரு புறா. அதன் கண் அத்தனை துல்லியம். கண்ணாடியில் மங்கலாக இன்னொன்றும் தெரிகிறது: தலையில் துப்பட்டா, இடது கையில் தாங்கிய கேமரா, அதன் பின்னே ஒரு முகம். இத்தனை ஆண்டுகளில் அவர் எடுத்த படங்களில் அவரே இருப்பது இது ஒன்றில்தான். அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. படத்தின் கீழே எழுதியிருந்தது இவ்வளவுதான்:

"கண்ணாடி வழியா ஃபோகஸ் புடிக்குமான்னு பார்த்தேங்க. புடிக்குது."

போய் வாருங்கள், மேடம்.