வடாலாவுக்குப் போன பெருநாள் சோறு

வாஷிக்கு அப்பால் ஒரு டைல்ஸ் கம்பெனியில் வாப்பா சூப்பர்வைசராக இருந்தார். தாராவியில் எங்கள் சந்துக்காரர்கள் பலரை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டவர் அவர்தான். எங்களோடு இருந்த, அவரைக் காக்கா என்று கூப்பிடும் அவருடைய தம்பிக்கும் அங்கேதான் வேலை. என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிடுவதும், தெரிந்த அளவுக்குச் சடை பின்னிவிடுவதும் அந்தச் சாச்சாதான்.

அந்த வருஷம் போகிற வழியெல்லாம் கட்டடங்கள் பாதியில் நின்றன. கட்டடம் எழும்பாவிட்டால் தரைக்கு டைல்ஸ் யார் வாங்குவார்கள்? ஆள்குறைப்பு என்றார் கம்பெனி சேட்டு. யாரை நிறுத்துவது என்று சொல்லும் பொறுப்பை மட்டும் பெருந்தன்மையாக வாப்பாவிடம் விட்டுவிட்டார்.

வாப்பா முதலில் சொன்னது சாச்சாவின் பெயரை.

அன்று சாயங்காலம் சாச்சா சோற்றில் கை வைக்கவில்லை. "எம்பேரத்தான் மொதல்ல சொன்னியளா, காக்கா?"

"ஒன்ன உள்ள வச்சிக்கிட்டு, அடுத்தவன எந்த மூஞ்சிய வச்சிலே போகச் சொல்லுவேன்?"

சாச்சா பையைத் தூக்கிக்கொண்டு வடாலாவில் ஒரு கூட்டாளியின் அறைக்குப் போய்விட்டார். வேலை போன மற்றவர்களும் வாப்பாவை மன்னிக்கவில்லை. தம்பிக்கு வேறு இடம் பார்த்து வைத்திருப்பார் என்று பேசிக்கொண்டார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் என்னை விளையாட்டுக்குச் சேர்ப்பதில்லை. வாசலில் நானே கல் எறிந்து, நானே தாண்டிப் பாண்டி ஆடினேன். ஜெயித்தால் சொல்லிக்கொள்ள ஆளில்லை.

நோன்புப் பெருநாளுக்கும் சாச்சா வரவில்லை. உம்மா பிரியாணியைத் தூக்கில் அடைத்துத் தர, வாப்பா என்னை பஸ்ஸில் வடாலாவுக்குக் கூட்டிப்போனார். தெருமுனையில் நின்றுகொண்டு, தூரத்திலிருந்த அறையைக் கைகாட்டினார்.

"உம்மா குடுத்துவிட்டாங்கன்னு சொல்லு. நான் வந்தேன்னு சொல்லாத."

சாச்சா என்னைத் தூக்கிக்கொண்டார். கலைந்திருந்த சடையை அவிழ்த்துப் பின்னினார். "தனியாவா வந்தே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தெருமுனைப் பக்கம் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.

"சரி, அந்த முக்கு வரைக்கும் பாத்துப் போ, பிள்ள."

திரும்பும்போது பஸ்ஸில், "மெலிஞ்சிருக்கானா?" என்றார் வாப்பா. இல்லை என்றேன். நீங்கள் ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, கால் வலி என்றார்.

வீட்டுக்கு வந்ததும் தைலம் எடுத்துவந்து அவர் காலைப் பிடித்துவிட்டேன். அவர் வேண்டாமென்று சொல்லவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. நான் அழுத்தியதில்தான் வலித்துவிட்டது போலிருக்கிறது என்று, இன்னும் மெதுவாகப் பிடித்தேன்.