காஜா பெராங்கில் பெரியப்பாவின் இலை

போருக்குப் போய்த் திரும்பாத ஒருவரைத் தேடிக் கிளம்ப நினைக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். "இத்தனை வருஷம் கழித்து என்ன கிடைக்கப்போகிறது" என்று கேட்க எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். எங்கள் வீட்டில் அது என் கணவர். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், கிளம்புங்கள்.

சென்ற ஜனவரியில், போகியன்று, எண்பத்தேழு வயது அப்பாவை அழைத்துக்கொண்டு காஜாங்கிலிருந்து மலாக்கா போனேன். தேடிப்போனது அப்பாவின் அண்ணன் முத்தையாவை. பாகான் டத்தோ பக்கம் தென்னந்தோட்டத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர். ஜப்பான்காரன் ஆட்சியில், இந்தியாவை விடுவிக்க ஆள் எடுத்த படையில் சேர்ந்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது, அப்பாவுக்கு ஆறு. மலாக்காவில் முகாம் என்று ஒரே ஒரு கடிதம் வந்தது. அதோடு சரி.

படை பர்மாவுக்குப் போனது, இவரும் அங்கே செத்திருப்பார் என்று தோட்டத்தில் எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். அவரைப் பெற்றவள் மட்டும் ஒப்பவில்லை. உறுதியாகத் தெரியாமல் அண்ணனைச் செத்தவன் என்று சொல்லக்கூடாது என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். இந்தியாவுக்குச் சுதந்திரம் வந்தது, நம் நாட்டுக்கும் வந்தது, பெரியப்பா வரவில்லை. மாலை போட்ட படமில்லை, திதியில்லை. யாராவது கேட்டால் "அண்ணன் வெளியூர்ல இருக்காரு" என்பார் அப்பா. முன்பெல்லாம் எங்களுக்கு அது கேலிக்குரிய விஷயம். அப்பா எண்பதைத் தாண்டியதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. அவரும் போய்விட்டால் பெரியப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க யார் இருக்கிறார்கள்?

குடும்ப வரலாறு தேடுவோருக்கான ஓர் இணையக் குழுவில் பெயரையும் தோட்டத்தையும் எழுதிப் போட்டேன். மூன்றாம் நாள், பல நூற்றாண்டுகளுக்கு முன் இங்கே குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்த மலாக்கா செட்டி சமூகத்துப் பெண் ஒருவர் மலாயில் பதில் எழுதியிருந்தார். "பாகான் டத்தோ முத்தையா. இந்தப் பெயருக்கு எங்கள் வீட்டில் ஒவ்வொரு போகிக்கும் ஓர் இலை போடுகிறோம்." அலுவலகக் கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

காலை எட்டு மணிக்கு கோலாலம்பூர் தெற்கு முனையத்தில் பேருந்து, ஆளுக்குப் பதினைந்து மலேசிய வெள்ளி. பத்து பத்துக்கு மலாக்கா சென்ட்ரல். அங்கிருந்து செட்டிகளின் கிராமமான காஜா பெராங் மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. வாடகைக் காரில் எட்டு வெள்ளி, பத்து நிமிடம். நடந்துவிடலாம் என்று வீறாப்புக் காட்டாதீர்கள், வெயில் மண்டையைப் பிளக்கும்.

மாவிலைத் தோரணம் கட்டிய வாசலில் எங்களுக்காகக் காத்திருந்தார், பதில் எழுதிய சாவித்திரி. அறுபது வயதிருக்கும். முகம் நம் முகம், சாமி நம் சாமி, பேச்சு மலாய். 'காக்' என்றேன், அக்கா என்று அர்த்தம். தமிழ் தெரியவில்லையா என்று இவர்களிடம் கேட்டு வைக்காதீர்கள், கேட்டுக் கேட்டுச் சலித்துப்போயிருக்கிறார்கள்.

பெரியப்பா முகாமிலிருந்து இந்த வீட்டுக் கிணற்றுக்குக் குளிக்க வருவாராம். சாவித்திரியின் தாத்தா சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். மரவள்ளிக்கிழங்கு, எப்போதாவது ஒரு மீன். மீனை நீட்டினால் கையெடுத்துக் கும்பிட்டு விலக்கிவிடுவாராம். இவர்களுக்குத் தமிழ் தெரியாது, அவருக்கு மலாய் போதாது. சைவம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். பிறகு மலேரியா. படை வடக்கே கிளம்பியபோது தூக்கமுடியாத நிலையில் இருந்தவரை இங்கே விட்டுவிட்டுப் போனார்கள். ஒன்பதாம் நாள் இறந்துவிட்டார். ஒரு குண்டு சுடவில்லை, பர்மாவைப் பார்க்கவில்லை. புதைத்த இடத்தில் நட்ட மரக்கட்டை உளுத்து, இடமும் மறந்துபோனது. இலை மட்டும் நின்றுவிட்டது.

அப்பா நம்பவில்லை. "பேரு ஒண்ணா இருக்கும்மா. அங்க எத்தன முத்தையா" என்றார்.

போகியன்று முன்னோருக்குப் படைப்பதை இவர்கள் 'பர்ச்சு' என்கிறார்கள். அவரவருக்குப் பிடித்ததை இலையில் வைத்து, கும்பிட்டு, ஆட்கள் வெளியே வந்துவிடுகிறார்கள். இறந்த பெரியவர்கள் வந்து கூச்சமில்லாமல் சாப்பிடவேண்டுமாம். மற்ற இலைகளில் பாராங் மீன் குழம்பு, கோழி, ஓர் இலையோரம் சுருட்டுகூட இருந்தது. கடைசி இலையில் சோறு, கத்தரிக்காய், தௌஃபு என்கிற சோயாக்கட்டி, பயற்றங்காய்.

"பாத்தியா" என்றார் அப்பா. "இது நம்ம ஆளு இல்ல. எங்கண்ணன் மீன் இல்லாம சோத்துல கை வைக்கமாட்டாரு. வா, போலாம்."

அவர் சொன்னதைச் சாவித்திரிக்கு மலாயில் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "எனக்குத் தெரியாது. என் அப்பா சொன்னதுதான். இவர் மீன் வேண்டாம் என்றால் அந்தத் துண்டு அப்பாவுக்குத்தான் வருமாம். இவர் எப்போது வருவார் என்று வாசலிலேயே நிற்பாராம்" என்றார்.

வாசல்வரை போய்விட்ட அப்பா நின்றார். "உங்கப்பாவுக்கு அப்ப என்ன வயசு?" என்று மலாயில் கேட்டார்.

"ஆறு."

அப்பா கதவைப் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார். "எனக்கும் ஆறும்மா. வீட்ல ஒரு மீனுதான்னா எனக்குத் தள்ளிட்டு, புடிக்கலடான்னுவாரு. அவருதான்."

நான் மலாயில் சொன்னதும் சாவித்திரி வாயைப் பொத்திக்கொண்டார். "அப்படியென்றால் இத்தனை வருடமும் பட்டினியா போட்டோம்?"

"இல்ல, இல்ல. அப்ப பிள்ளைங்களுக்குப் பத்தல. இப்பதான் எல்லாருக்கும் இருக்கே." அப்பா மீன் சட்டியைக் கேட்டு வாங்கி, இரண்டு துண்டு எடுத்து இலையில் தானே வைத்தார். குழம்பு பாயில் சிந்தியது. யாரும் துடைக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். அப்பா சத்தம்போட்டு அழுதார். நானும்தான்.

கிளம்புகிறவர்களுக்கு: பெயர், தோட்டம், அப்பன் பெயர் மூன்றையும் ரூமியில், அதாவது ஆங்கில எழுத்திலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆவணத்தை மட்டும் நம்பாதீர்கள். அந்த ஆளின் குணம் தெரிந்த ஒருவரை, முட்டி வலித்தாலும், கையோடு அழைத்துப்போங்கள். போகியன்று போவதென்றால் அந்த வீட்டாரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள், பழமோ பூவோ கொண்டுபோங்கள், உள்ளே படம் எடுக்காதீர்கள். ஜாலான் பெண்டஹாராவில் நல்ல கதம்பம் கிடைக்கும். திரும்பும் டிக்கெட்டை மாலை ஐந்துக்குப் பிறகு போடுங்கள். நாங்கள் மூன்று மணிக்குப் போட்டுவிட்டு, அதை விட்டுவிட்டு, புதிதாக வாங்கினோம்.

பேருந்து நிலையத்துக்கு வந்த காரை ஓட்டியவர் தமிழர். அப்பாவின் வீங்கிய கண்களைக் கண்ணாடியில் பார்த்தவர், பேச்சுக்கொடுத்தார். "என்ன அங்கிள், சொந்தக்காரங்க வீடா?"

"ஆமா தம்பி" என்றார் அப்பா. "எங்கண்ணன் செத்துப்போன வீடு."