தாலிக்கு முன் தலைமையுரை

போன ஆனி மாதத்தில்தான் அந்த வெளிநாட்டு நகைச்சுவைத் தொடரைப் பார்க்கத் தொடங்கினேன். ஒரு சாதாரணக் கந்தோர், மேசையும் கோப்புமாக. அங்கே விவரணப்படம் எடுப்பதுபோல ஒரு கமரா எப்போதும் நிற்கிறது. முகாமையாளர் ஏதாவது அபத்தமாகச் செய்வார். ஒருவரும் எதிர்த்துக் கதைக்கமாட்டார்கள். யாராவது ஒருவர் மட்டும் மெல்லத் திரும்பிக் கமராவைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்காகவே தினமும் பார்த்தேன். ஒன்றும் செய்ய முடியாதவனுக்கு ஒரு சாட்சியாவது இருக்கிறதே.

கொடிகாமத்தில் எங்கள் கந்தோரில் கமரா இல்லை. மற்றதெல்லாம் உண்டு.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை எங்கள் களஞ்சியக்காரரின் ஒரே மகளுக்கு லண்டனில் கலியாணம். அவர் மனைவியை இழந்தவர், விசாவும் கிடைக்கவில்லை. அங்கே காலை முகூர்த்தம், எங்களுக்குப் பிற்பகல். உடுப்பிட்டியில் அவர் வீட்டில் இணையம் அடிக்கடி அறுந்துவிடும். தாலி கட்டுவதைக் கண்ணால் கண்டால் போதும் என்று, கந்தோரின் பெரிய தொலைக்காட்சியை அரை மணித்தியாலம் கேட்டார்.

"என்ன அண்ணை, இது எங்கடை கந்தோர்க் கலியாணமெல்லே! முறையாச் செய்வம்" என்றார் முகாமையாளர்.

முறை என்றால் எங்களுக்கு ஒன்றுதான்: மங்கள விளக்கேற்றல், இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, நன்றியுரை. திரையில் மணவறை தெரிந்தபோது நாங்கள் ஒவ்வொருவராகத் திரி கொளுத்திக்கொண்டிருந்தோம். காற்றாடி இரண்டு தரம் விளக்கை அணைத்தது.

தலைமையுரைக்கு முகாமையாளர் திரைக்கு முன்னால் போய் நின்றார். ஆள் அகலமானவர்.

"சேர், அங்கை கூறை மாத்திக்கொண்டு வந்திட்டினம், இனித் தாலிதான்" என்றார் களஞ்சியக்காரர்.

"இருங்கோ அண்ணை, இன்னும் ரண்டே ரண்டு சொல்லு."

"சேர், கொஞ்சம் இஞ்சாலை நிண்டு பேசுங்கோவன். உங்கடை தோளுக்குப் பின்னாலை கலியாணப் பொம்பிளை நிக்குது" என்றார் தட்டெழுத்தாளர் அக்கா. எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். நகரவில்லை.

அவர் முதுகுக்குப் பின்னால் கெட்டிமேளம் முழங்கியது. சத்தத்துக்கு ஈடுகொடுக்க அவர் குரலை உயர்த்தினார். களஞ்சியக்காரர் கதிரையில் இருந்தபடியே ஒருமுறை இடப்பக்கம் சாய்ந்தார், ஒருமுறை வலப்பக்கம். முகாமையாளர் விலகியபோது சனம் அறுகரிசி போட்டு வாழ்த்திக்கொண்டிருந்தது. மகளின் கழுத்தில் தாலி இருந்தது.

"பாத்தியளே அண்ணை, எவ்வளவு வடிவா நடந்து முடிஞ்சுது!"

"ஓம் சேர்."

அப்படிச் சொல்லிவிட்டு அவர் மெல்லத் திரும்பினார். கமரா நிற்க வேண்டிய இடத்தில் நான் இருந்தேன். அவர் என்னையே பார்த்தார். தொடரில் அந்தப் பார்வையை வாங்கிக்கொள்ள ஆயிரம் வீடுகள் இருக்கும். இங்கே என்னுடைய முகம் மட்டும். அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

"அடுத்தது நன்றியுரை" என்று முகாமையாளர் என்னைக் கைகாட்டினார்.

நான் எழுந்தேன். களஞ்சியக்காரர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்நிகழ்வுக்குத் தலைமை தாங்கிச் சிறப்பித்த எமது முகாமையாளர் அவர்களுக்கு முதற்கண்" என்று தொடங்கினேன்.