பெரட்டில் தேர்வான உறுப்பினர்

ஹாலிஎல ரோட்டுக்கு இறங்கும் குறுக்குப்பாதையில் பாதித் தூரம் வந்திருப்பேன். தோளில் ஒரு பை, அதில் இரண்டு சட்டையும் ஒரு போர்வையும். மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் எட்டு மாதம் வேலை செய்துவிட்டேன். ஓரிடத்தில் தங்காத எனக்கு அதுவே அதிகம். மொனராகலையில் கரும்பு வெட்ட ஆள் எடுப்பதாகக் கேள்வி.

"ஏய் கமிட்டி, நில்லுப்பா."

மேல் மலையில் கொழுந்து எடுக்கும் அக்கா பின்னால் ஓடிவந்தார்.

'கமிட்டி' என்றது கேலி. வெளிநாட்டில் எங்கோ இருக்கும் ஒரு சபைதான் எங்கள் தேயிலைக்கு நல்ல தேயிலை என்று முத்திரை குத்துகிறது. தொழிலாளர்கள் தாங்களே தேர்ந்தெடுத்த கமிட்டி இருக்க வேண்டும் என்பது அவர்கள் போட்ட விதி. அந்தச் சபையை நாங்கள் பார்த்ததில்லை, அவர்களும் எங்களைப் பார்த்ததில்லை. ஒரு நாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கூப்பிட்டு முடிந்த கையோடு, ஆபீஸ் கிளாக்கர் தனியாக ஏழு பெயரை வாசித்தார். பெயர் காதில் விழுந்தால் "இருக்கேங்க" என்பது எல்லோருக்கும் ஊறிய பழக்கம். ஏழு பேரும் சொன்னோம். மற்றவர்கள் மலைக்குப் போய்விட்டார்கள். அதுதான் தேர்தல் என்பது ஆபீஸ் சுவரில் எங்கள் படம் தொங்கிய பிறகே தெரிந்தது.

நான் கிளம்பியதற்கு முந்தின நாள், சபையின் பரிசோதகர் வந்தார். மேல் மலையில் பெண்களுக்குக் கக்கூஸ் வசதி போதும் என்று கமிட்டி சொன்னதாக எழுதியிருந்த தாளைக் காட்டி, சரியா என்று கேட்டார். பக்கத்தில் கிளாக்கர் நின்றார். நான் தலையாட்டினேன். மேல் மலையில் கக்கூஸே கிடையாது. அந்தப் பெண்கள் முகத்தில் விழிக்க முடியாமல்தான் பையைத் தூக்கினேன்.

"தலையாட்டிட்டு ஓடுறியா? ஓடு. இத பதுளையில இருந்து அனுப்பிட்டு ஓடு."

கொப்பித்தாளில் ஒரு கடிதம். கீழே நாற்பத்திரண்டு பேரின் கையெழுத்து, சில இடத்தில் பெருவிரல் ரேகை. சுவரில் எங்கள் படத்துக்குக் கீழே இருந்த, சபைக்குப் புகார் அனுப்பும் முறைப்பாட்டு இணைய முகவரியையும் பார்த்து எழுதியிருந்தார்.

"காலையில ஏறினா சாயங்காலம் வரைக்கும் அடக்கிக்கிட்டு நிக்கிறோம். தண்ணி குடிக்கவே பயமா இருக்கு. மேல உள்ளவங்களுக்கு இது தெரியணும்."

"எந்த மேல, அக்கா?"

"முத்திரை குத்துற மேல."

பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு போட்டோகொப்பிக் கடை. கடைக்கார முஸ்லிம் அண்ணன், எங்கள் பேச்சில் நானா, முறைப்பாட்டுப் படிவத்தைப் போனில் திறந்து, ஆங்கிலத்தை வாசித்துத் தமிழில் சொன்னார்.

"மொதல்ல தோட்டத்துக் கமிட்டிக்கிட்ட சொன்னீங்களான்னு கேக்குறாங்க."

"கமிட்டி நான்தான், நானா."

அவர் என் செருப்பைப் பார்த்தார். "அப்ப ஒங்ககிட்ட நீங்களே சொல்லியாச்சா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடிதத்தை மறுபடி விரித்தேன். பெரட்டில் நடந்தது தேர்தல் இல்லை. ஆனால் நாற்பத்திரண்டு பேர் தெரிந்தே என் கையில் ஒரு தாளைக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் சொன்னது எனக்குக் கிடைத்தது என்று போடச் சொன்னேன். நான் தலையாட்டியது பொய் என்றும், கமிட்டியை ஓட்டுப் போட்டுத் தெரிவு செய்ய வேண்டும் என்றும் என் பெயரிலேயே சேர்க்கச் சொன்னேன்.

நானா விரலை நிறுத்தினார். "இன்னொன்னு இருக்கு. கமிட்டி ஆளு இப்பவும் தோட்டத்துல வேல செய்யணுமாம். இல்லாட்டி ஏத்துக்க மாட்டாங்க. செய்றீங்களா?"

"செய்றேன்."

"பையோட?"

"அது சும்மா."

அனுப்பினார். சற்று நேரத்தில், கிடைத்தது, விசாரித்து மூன்று வாரத்தில் பதில் தருவோம் என்று ஒரு செய்தி வந்தது. அது மெஷின் அனுப்புவது என்றார். பரவாயில்லை, இன்னொரு தடவை வாசியுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவ்வளவு தூரத்தில் இருப்பவர்கள் எங்களுக்கு ஒரு நாள் கணக்குச் சொல்லியிருந்தார்கள். அதுவரை யாரும் சொன்னதில்லை.

கடைசி பஸ்ஸில் திரும்பினேன். விட்டுவந்த இடத்துக்கு நான் திரும்பியது அதுவே முதல் தடவை. மறுநாள் காலை கங்காணியிடம் போய் நின்றேன். "நேத்து எங்க போன?" என்றார். "பதுளைக்கு" என்றேன். கிளாக்கர் இன்னும் நிறையக் கேட்பார், சொல்லிக்கொள்ளலாம். மேல் மலையில் கான் வெட்ட ஆள் பற்றவில்லையாம். மழைத்தண்ணீர் ஓடும் கான்களைத் தோண்டும் வேலை; அட்டைக்கடி, முதுகு விட்டுப்போகும், வேறு யாரும் கேட்டு வாங்குவதில்லை. மூன்று வாரத்துக்குக் குறையாமல் இழுக்கும் என்றார். எடுத்துக்கொண்டேன்.