சஹனில் உம்மாவின் பங்கு

எங்கள் வீட்டில் யாருக்கும் தனித்தட்டு கிடையாது. சஹன் என்னும் பெரிய வட்டத்தட்டில் சோற்றைக் குவித்து, நடுவில் மீனோ கறியோ வைத்து, உம்மா, அவருடைய தங்கையான சாச்சி, சாச்சியின் மகள், நான் என நால்வரும் சுற்றி அமர்ந்து உண்போம். எங்கள் ஊரான பெரியபட்டினத்தில் தனக்கென வேறு தட்டுக் கேட்பவர் யார்மீதோ மனத்தாங்கலில் இருக்கிறார் என்று பொருள். நல்ல துண்டை அடுத்தவர் பக்கம் தள்ளுவதே அன்பு.

உம்மாவின் பக்கம் எப்போதும் மிகுதியாகவே தள்ளப்பட்டது. வாப்பா கொழும்பில் கடை வைத்திருந்தார். உம்மாவின் பருமனை அந்தக் கடையின் செழிப்பாகவே உறவினர் கண்டனர்.

"மச்சானோட சம்பாத்தியம் ஒங்க இடுப்புல தெரியுது லாத்தா" என்று சாச்சி தம் அக்காளைக் கிள்ளுவார். தம் இடுப்பு அதற்குக் குறைந்ததன்று என்பது அவர் நினைவில் இருப்பதில்லை.

சென்ற ஆண்டு கோடை விடுமுறைக்கு நான் மதுரையிலிருந்து வந்தபோது, உம்மா ஓயாமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். காலில் முள் கீறிய சிறு காயம் ஆறாமல் கிடந்தது. ராமநாதபுரத்தில் ஒரு பெண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். குழாயிலிருந்த நீலக் கரைசலில் சிறுநீரைச் சில சொட்டுகள் விட்டு அவர் விளக்குத் தீயில் சூடாக்கினார். நீலம் செங்கல் நிறமாயிற்று.

"சர்க்கரை வியாதி. உடம்புல இன்சுலின் இல்லாம இல்லை, இருக்கு. ஆனா கொழுப்பு சேர்ந்த உடம்பு அது சொல்றதைக் கேக்க மாட்டேங்குது. கேக்கலைன்னு அது இன்னும் அதிகமா சுரக்கும். அது அப்படி நிறைஞ்சு இருக்கறவரைக்கும் சேர்ந்த கொழுப்பும் லேசில் கரையாது."

உம்மா சற்று யோசித்தார். "கிட்டங்கி நெறஞ்சு கெடக்கு. தோணி வந்து நின்னா சரக்க எங்கன எறக்குறது? அப்புடித்தானே டாக்டரம்மா?"

மருத்துவர் சிரித்துவிட்டார். "அப்படியேதான். இறக்க முடியாத சரக்குத்தான் ரத்தத்துல நிக்குது. கிட்டங்கியைக் கொஞ்சம் காலி பண்ணுங்க. எடை குறைஞ்சா, இருக்கற இன்சுலினே வேலை செய்யலாம். மழைக்காலத்துக்குள்ள குறையலைன்னா தினமும் ஊசிதான்."

ஊசி என்றால், நாள்தோறும் ஒரு கம்பவுண்டர் வீட்டுக்குள் வரவேண்டும். அந்நிய ஆணின் முன் உம்மா கையை நீட்டியதில்லை. அந்த நினைப்பிலேயே அவர் முகம் வெளிறிவிட்டது.

சோற்றைப் பாதியாக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். திரும்பும் பேருந்தில்தான் எனக்கு உறைத்தது: எதில் பாதி? உம்மா எவ்வளவு உண்கிறார் என்பது உம்மாவுக்கே தெரியாது. அன்று பகலில் தயங்கித் தயங்கி ஒரு தனித்தட்டை எடுத்து வைத்தேன்.

"தனித்தட்டா? நான் யாரோட சண்ட போட்டேன்?" என்று உம்மா அதை நகர்த்திவிட்டார்.

சஹனிலேயே கையைக் குறைத்துக்கொண்டு பார்த்தார். சாச்சி விடவில்லை. "சீக்குக்காரி திங்காட்டித் தெம்பு எங்கேருந்து வரும்?" என்று சோற்றை அள்ளி அள்ளி உம்மாவின் பக்கம் ஒதுக்கினார். சஹனில் மிச்சம் வைத்தால் பரக்கத் என்னும் இறையருள் போய்விடும் என்று உம்மா அதையும் உண்டார். விடுமுறை முடியுமுன் மீண்டும் மருத்துவரிடம் சென்றோம். மறுபடியும் செங்கல் நிறம்.

எங்கள் வீட்டில் நான் அதிகம் பேசுகிறவள் அல்லேன். அன்று சமையற்கட்டில் சாச்சியிடம் சொன்னேன்: "நீங்க தள்ளுற ஒவ்வொரு பிடிச் சோறும் அந்தக் கம்பவுண்டரை நம்ம வூட்டுக்குக் கூட்டிட்டு வருது சாச்சி."

அவர் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டார்.

மறுநாள் வந்த சஹனில் சோறு தாழ்ந்திருந்தது. அதைச் சுற்றி முருங்கைக்கீரையும் அவரைக்காயும். நடுவில் மட்டும் மீன் வழக்கத்தைவிடத் தாராளம்.

"என்னம்மா இது, சஹன் காஞ்சு கெடக்கு?" என்றாள் சாச்சியின் மகள்.

"ஒங்க பெரியம்மாவுக்கு இல்லாத சோறு ஒனக்கு மட்டும் என்னத்துக்குடி? எல்லாருக்கும் இதுதான்" என்ற சாச்சி, ஒரு கை கீரையை அள்ளி உம்மாவின் பக்கம் தள்ளினார்.

அதன்பின் அஸர் என்னும் பிற்பகல் தொழுகை முடிந்ததும், பெண்கள் மட்டும் புழங்கும் சந்தில் அக்காளும் தங்கையும் கோடிவரை நடந்து திரும்பலாயினர். முதலில் மூச்சு வாங்கிப் பாதியில் நின்ற உம்மா, பின்னர் சாச்சியை முந்தலானார் என்று மதுரைக்கு எனக்குக் கடிதம் வந்தது.

மழைக்காலத்தில் நான் ஊருக்கு வந்தபோது, உம்மாவின் குப்பாயத்தின் கைகள் தொளதொளத்திருந்தன. கால் காயம் ஆறியிருந்தது. உம்மா, சாச்சி, நான் மூவரும் ராமநாதபுரம் சென்றோம். குழாயில் நீலம் பச்சையாகி, அதற்குமேல் மாறாமல் நின்றது.

"ஊசி இப்போதைக்கு வேண்டாம். வியாதி போயிடலை. ஆனா உடம்பு கேக்கத் தொடங்கியிருக்கு. இதை விட்டுடாதீங்க" என்றார் மருத்துவர்.

உம்மா எழவில்லை. திரைக்கு வெளியே நின்ற சாச்சியின் கையைப் பற்றி உள்ளே இழுத்தார். "இவளையும் பாருங்க டாக்டரம்மா."

"எனக்கு என்ன கேடு? கல்லு மாதிரி இருக்கேன் லாத்தா!"

"கல்லா இருக்கையிலேயே பாக்கட்டும். உக்காரு" என்று உம்மா எழுந்து தம் நாற்காலியைக் காட்டினார்.

மருத்துவர் புதிய குழாய் ஒன்றை எடுத்தார். சாச்சி எங்கள் மூவரையும் முறைத்தார். பின்னர் துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு, உம்மா காலிசெய்த நாற்காலியில் மெல்ல அமர்ந்தார்.