ஆம்ப் பெட்டியில் வெள்ளைக் கோடு

என் அக்கா புருஷனுக்குச் சம்பளமே சந்தேகப்படுவதற்குத்தான். குடிநீர் இலாகாவில் அவர் கசிவு கேட்கிறவர். வண்டிகள் ஓடத் தொடங்குமுன், விடியற்காலையில் ஒரு நீள இரும்புக் கம்பியைக் குழாயின் மேல் ஊன்றி, அதன் மறுமுனையில் காதை வைப்பார். மண்ணுக்கடியில் எங்காவது ஓட்டை இருந்தால் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கம்பி வழியாக ஏறி வரும். வந்தால் தோண்டச் சொல்லி எழுதுவார். வராவிட்டால் தெருப் பேருக்கு நேரே 'சரி' என்று எழுதுவார். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. ஆபீசில் அவருக்குப் பேரே 'காது'.

அந்தச் சந்தேகத்தை ஆபீசோடு விட்டுவிட்டு வந்திருக்கலாம். விடவில்லை. தையல்காரர் திருப்பித் தரும் மீதித் துணி, பால் அளவு, நான் சொல்லும் நேரம், எல்லாவற்றிலும் எங்கேயோ ஒழுகுகிறது என்பது அவர் கட்சி. "ஏழு மணிக்கே கிளம்பிட்டேன் அத்தான்" என்றால், "ஏழுன்னா எந்தக் கடிகாரத்துல?" என்பார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கிதாரைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போவேன். காரணம், கிதார் சத்தத்தைப் பெருக்க அவர் தன் கையாலேயே செய்திருந்த ஆம்ப்.

பழைய ரேடியோக்களைப் பிரித்து எடுத்த நாலு கண்ணாடி ட்யூபு, ஒரு மரப்பெட்டி, ஒரு பெரிய ஸ்பீக்கர். சூடாக ஒரு நிமிஷம் பிடிக்கும். ஆனால் சூடாகிவிட்டால் அதில் வாசிப்பதே தனி சுகம். நான் பகலில் செருப்புக் கடையில் நிற்பவன், சாயங்காலம் ஒரு ஹோட்டலில் கிதார் வாசிப்பவன். ஹோட்டல் ஆம்பில் என் வாசிப்பு தகர டப்பா உருள்வதுபோல் இருக்கும். இவருடையதில்தான் என் கிதாருக்கு ஒரு குரல் உண்டு என்றே எனக்குத் தெரிந்தது. ஒரே குறை, மெல்லிய கம்பிகளின் சத்தம் கொஞ்சம் அமுங்கி வரும். "கம்பளி போத்திக்கிட்டுப் பாடுற மாதிரி இருக்கு அத்தான்" என்று சும்மா இருக்க மாட்டாமல் வாயைக் கொடுத்தேன்.

அவ்வளவுதான், மனுஷர் பிடித்துக்கொண்டார். முதலில் இரண்டு ட்யூபுக்கு நடுவில் இருந்த கெபாசிட்டரை மாற்றினார். பிறகு வால்யூம் குமிழின் குறுக்கே பொட்டு அளவில் ஒரு புதுக் கெபாசிட்டரை வைத்தார். அது மேல் சத்தத்தை மட்டும் நேரே தாண்டிப் போகவிடுமாம். வாசித்துப் பார்த்தேன். மூடிய அறையில் ஜன்னலைத் திறந்துவிட்டதுபோல் இருந்தது. "போதும், இனிமே கையே வைக்காதீங்க" என்றேன்.

"எங்கே? இன்னும் கம்பளி எடுபடலியே மச்சான்" என்றார்.

அடுத்த வாரம் அதைவிடப் பெரிய கெபாசிட்டர். அதற்கடுத்த வாரம் இன்னும் பெரியது. மூன்றாம் மாதம் நான் மெல்லிய கம்பியைத் தொட்டாலே பல் கூசியது. காதைக் குத்துகிறது என்றதற்கு, "ஹோட்டல் இரைச்சல்ல உன் காதுதான் போயிருக்கும்" என்றார். கெபாசிட்டர் எல்லாம் போலி, மேலே இருக்கிற நம்பரைச் சுரண்டிவிட்டு வேறு நம்பர் அச்சடித்து விற்கிறான் என்று பார்ட்ஸ் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனார். "சார், நீங்க வேற கடை பாத்துக்குங்க" என்று அவர் கும்பிட்டு அனுப்பிவிட்டார்.

இதற்கிடையில் ஆபீசில் ஒரு வினை. அத்தான் 'சரி' போட்ட ஒரு தெரு பத்தாவது நாள் உள்வாங்கி, ஒரு பால் வண்டியின் முன்சக்கரம் குழிக்குள் இறங்கிவிட்டது. அடியில் குழாய் ஒழுகி மண்ணை அரித்திருக்கிறது. நல்லவேளை, ஓட்டுநருக்கு நெற்றியில் ஒரு தையலோடு போயிற்று. இன்னொரு தடவை இப்படி நடந்தால் கிடங்கில் நட்டு, போல்ட்டு எண்ண அனுப்பிவிடுவேன் என்று என்ஜினீயர் சொல்லிவிட்டார். தாளில் யாரோ திருத்தியிருக்கிறார்கள் என்பது அத்தானின் முடிவு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பியூனில் தொடங்கி என்ஜினீயர் வரைக்கும் அவர் பட்டியலில் இல்லாத ஆளே இல்லை.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாசித்தேன். பல் கூசவில்லை. சத்தம் பதமாக, இதமாக இருந்தது. "இந்த வாரம் பிரமாதம் அத்தான், எதை மாத்தினீங்க?" என்றேன்.

"எதையும் மாத்தலியே" என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

அடுத்த வாரம் பழையபடி குத்தியது. அதையும் சொன்னேன். அவர் கணக்குப்படி இரண்டில் ஒன்றுதான். ஒன்று, நான் பொய் சொல்கிறேன். அல்லது, யாரோ பெட்டியைத் திறக்கிறார்கள். இதற்கு அவரிடம் ஆபீஸ் வைத்தியம் ஒன்று இருந்தது. தெருவில் குழாயை மூடிய பிறகு நட்டுக்கும் அதன் அடித்தகட்டுக்கும் சேர்த்து ஒரு வெள்ளைப் பெயிண்ட் கோடு இழுப்பார்கள். யாராவது நட்டைத் திருகினால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். ஆம்பின் பின்பலகையில் இருந்த ஆறு ஸ்க்ரூவுக்கும் அப்படியே கோடு போட்டார்.

மறுவாரம் நான் நுழையும்போதே பெட்டி கூடத்தின் நடுவில் குப்புறக் கிடந்தது. ஆறு கோடும் விலகியிருந்தனவாம். அதைப் பார்த்துவிட்டு அத்தான் பலகையைக் கழற்றியிருந்தார். உள்ளே வால்யூம் குமிழின் குறுக்கே இருந்த கெபாசிட்டரின் ஒரு காலைப் பிரித்து, அங்கிருந்து ஒயர் இழுத்து, பலகையைக் கழற்றினால் மட்டும் கைக்கு எட்டும் ஓரத்தில் சுண்டு விரல் நுனி அளவுக்கு ஒரு ஸ்விட்ச்.

"எப்ப வெச்சே?" என்றார்.

"அத்தான், சத்தியமா நான் இல்ல."

"எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்னானாம். ஒரு வாரம் நல்லாருக்கு, ஒரு வாரம் குத்துதுன்னு சொன்னது யாரு? என்னைப் பைத்தியக்காரனாக்கி வேடிக்கை பாக்குறியா?"

எனக்கு ஆத்திரத்தில் கண் கலங்கிவிட்டது. கிதாரை உறையில் போட ஆரம்பித்தேன். இனி இந்த வீட்டு வாசல்படி மிதிப்பதில்லை என்று மனசுக்குள் சொல்லியும் ஆகிவிட்டது.

"அவன விடுங்க" என்று அக்கா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "முதல்ல சோல்டரைப் பாருங்க. அது அவன் கைவேலையா?"

அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். ஈயம் கடுகு கடுகாய், வழியாமல், பளபளவென்று உட்கார்ந்திருந்தது. நான் வைத்தால் சாணி அப்பியதுபோல் இருக்கும். அவர் வைத்தாலும் கிட்டத்தட்ட அப்படித்தான். அந்த வீட்டில் அப்படிச் சோல்டர் வைக்கத் தெரிந்த ஆள் ஒருத்திதான். கல்யாணத்துக்கு முன்பு ஆறு வருஷம் கால்குலேட்டர் கம்பெனியில் நாளைக்கு எண்ணூறு சர்க்யூட் பலகைக்குச் சோல்டர் வைத்தவள்.

"நீயா?" என்றார். அந்தக் குரலைக் கேட்க எனக்கே பாவமாக இருந்தது. உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் அவள்தான்.

"நான்தான். பிளக்கைப் புடுங்கி, உள்ள தங்குற கரண்டை எறக்கிட்டு, பத்திரமாத்தான் செஞ்சேன். காது டாக்டர்கிட்ட வாங்கன்னு நாலு தடவை கூப்பிட்டேன். அவன் மெஷின் விக்கிறவன், யாரு போனாலும் செவிடும்பான்னீங்க. பால் வண்டி விழுந்த பிறகுதான் இதை வெச்சேன். இந்த ஸ்விட்சைத் தட்டுனா, குழாய் ஒழுகுற 'ஸ்ஸ்' மாதிரி மேல் சத்தம் போயிடும். தம்பிக்குத் தெரியுது. அடுப்புக்கிட்ட நிக்கிற எனக்கே தெரியுது. உங்களை எப்படி இருக்குன்னு ஒவ்வொரு வாரமும் கேட்டேன். ஒவ்வொரு வாரமும் 'கம்பளி இன்னும் எடுபடல'ங்கிற ஒரே பதிலைத்தான் சொன்னீங்க."

"நீங்க ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டீங்க" என்றார் அத்தான்.

"சரி, சந்தேகப்படுங்க. முதுகைக் காட்டி உக்காருங்க, பாத்துடலாம்."

உட்கார்ந்தார். நான் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒவ்வொரு தடவைக்கும் முன்னால் அக்கா ஸ்விட்சைத் தட்டுவாள். சில தடவை இரண்டு தட்டுத் தட்டிப் பழைய இடத்துக்கே கொண்டுவருவாள், தட்டும் சத்தத்தை வைத்து அவர் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று. ஆனவரைக்கும் கண்ணை மூடிக் கேட்டார். "கம்பளி இருக்கு", "இல்ல", "இல்ல", "இருக்கு" என்று பத்துப் பதில் சொன்னார். அக்கா தாளில் குறித்ததை அவரே வாங்கி எண்ணினார். பத்துக்கு அஞ்சு சரி. காசைச் சுண்டிப் போட்டாலும் அவ்வளவுதான் வரும்.

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன். "நேத்து மூணு தெருவுக்குச் சரி போட்டிருக்கேன்" என்றார். "நாளைக்குக் காலைல தாளைக் குடுக்கணும்."

எங்கள் மூன்று பேரைத் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது. ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம் இருந்தது. அது அவர் மனசில் ஓடாமல் இருந்திருக்காது. என் மனசிலேயே ஓடியது.

"மச்சான், விடியறதுக்கு முன்னால வர முடியுமா?" என்றார்.

போனேன். முதல் தெருவில் கம்பியின் முனையில் என் காதைப் பொருத்திவிட்டார். பேசாமல் கேள், மூச்சைப் பிடிக்காதே, உன் ரத்த ஓட்டம்தான் கேட்கும் என்றார். ஒன்றும் இல்லை. இரண்டாவது தெரு ஒரு பள்ளிக்கூடத்தின் மதிலை ஒட்டிப் போகிறது. அங்கே காதை வைத்ததுமே கேட்டது. மெல்லிசாக, விடாமல், யாரோ பல்லிடுக்கில் காற்றை இழுப்பதுபோல்.

'ஒண்ணும் இல்ல அத்தான்' என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கேக்குது அத்தான்" என்றேன்.

நிச்சயமா, எந்த மாதிரி, எந்தப் பக்கம் என்று கேள்வி மேல் கேள்வி வரும் என்று காத்திருந்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. தாளை மதில்மேல் வைத்து 'சரி'யை அடித்துவிட்டு, 'கசிவு' என்று எழுதினார். அதற்குக் கீழே, நான் பார்க்கப் பார்க்க, இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டார்: 'எனக்குக் காது சரியில்லை. இந்த வருஷம் நான் சரி போட்ட எல்லாத் தெருவையும் வேறு ஒருவர் கேட்க வேண்டும்.'