ரேகை வைத்தது வந்ததற்கு

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். நடுவில் வரும் கெட்ட வார்த்தைகளை விட்டுவிடுகிறாள், தெரியும்.

போனில் பேசி அனுப்பக் கற்றுக்கொண்ட நாள் எனக்குத் தீபாவளி. பொத்தானை அமுக்கிப் பிடித்தால் போதும். எங்கள் வெள்ளாடு மூன்று குட்டி போட்டதைச் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் பேசி அனுப்பினேன்.

வீட்டுக்காரர் போன பிறகு எனக்குத் தூக்கமே இல்லை. மகன் சேலத்துக்கு, கவுன்சிலிங் கொடுக்கும் மேடத்திடம் கூட்டிப் போனான். "மனசுல இருக்கறதப் பேசி அனுப்புங்கம்மா, நான் மட்டுந்தான் கேப்பேன்" என்றார் மேடம். முதல் நாளே ஒரு தாளில் கட்டைவிரல் ரேகை வாங்கிக்கொண்டார். ரேஷன் கடையில் விரல் வைக்கிறோமே, வந்தோம், வாங்கினோம் என்று. அது மாதிரிதான் என்று நினைத்தேன்.

லாரி ஓட்டின மனுஷன், வாதம் வந்து மூன்று வருஷம் படுக்கை. ஒருநாள் சோறு ஊட்டும்போது, இவர் இன்றைக்கே போய்விட்டால் தேவலை என்று நினைத்துவிட்டேன். பெற்ற மகனிடம் சொல்லாததை மேடத்துக்குப் பேசி அனுப்பினேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன், பொய் சொல்லக் கூடாது.

போன மாதம் வீட்டுக்காரரின் தங்கை வந்தாள். அண்ணன் என்றால் அவளுக்கு உயிர்; அண்ணியான என்னை நங்கை என்பாள். வாசலிலேயே என் குழம்பைக் கிண்டல் செய்கிறவள், அன்றைக்குச் செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை நீட்டினாள்.

"இது உங்க கொரல்தானுங்க நங்கை?"

மேடம் ஊரே பார்க்கப் போட்டிருந்த வீடியோ அது; அதில் மேடம் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். பின்னால் சோகமாக வயலின். என் பேரும் இல்லை, முகமும் இல்லை. ஆனால் என் குரல், பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம், நடுவில் நான் கேட்கும் "கேக்குதுங்களா சாமி?" ஊரில் யாருக்குத்தான் தெரியாது?

"எங்கண்ணன் சாவோணும்னு நெனச்சீங்களா?"

"நெனச்சேன்."

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் சேலம் போனேன். மேடம் சிரித்த முகமாக, "பேரு வரலியேம்மா. எத்தன பேரு பாத்து அழுதிருக்காங்க தெரியுமா? நீங்கதான் சம்மதம்னு ரேகை வெச்சீங்க" என்றார்.

"அந்தத் தாள எனக்குப் படிச்சுக் காட்டுனியா? நான் வந்ததுக்கு ரேகை வெச்சேன். என்ற நெஞ்ச அறுத்து ஊருக்குப் பந்தி போடவா வெச்சேன்?"

"கோவப்படாதீங்கம்மா. மூச்ச மெதுவா இழுத்து விடுங்க."

"மூச்சு தன்னால வருது. நீ மொதல்ல அத அழி!"

என் கண் முன்னாலேயே அழித்தார். எத்தனை பேர் போனில் ஏற்கெனவே இறங்கியிருக்கிறது என்று கேட்டேன். அவருக்கே தெரியவில்லை.

எனக்கு இன்னும் வயிறு எரிவது வேறொன்றுக்கு. நான் பேசினதில் பாதியை வெட்டிவிட்டார். அப்படி நினைத்த கையோடு வீட்டுக்காரர் காலைத் தொட்டு, மன்னிச்சுக்குங்க என்று அழுதேன். விளங்கின கையால் என் தலையைத் தடவிக் கொடுத்தார். அதையும்தானே சேர்த்துப் பேசி அனுப்பினேன்?

நேற்று பொத்தானை அமுக்கி, விடுபட்ட அந்தப் பாதியை நாத்தனாருக்கு நானே பேசி அனுப்பினேன். கேட்டுவிட்டால் அனுப்பினதுக்குக் கீழே இருக்கும் ரெண்டு கோடும் நீலமாகும் என்று மருமகள் சொல்லியிருக்கிறாள். விடிந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் சாம்பல் நிறம்தான்.